எத்தனை ரிக்டர் என்று மட்டும் கேட்காதீர்கள்

இந்தியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் நிலநடுக்கம் இல்லாத நாள் அநேகமாகக் கிடையாது. நம்பிக்கை வராதவர்கள் தேசிய நில அதிர்வு மையம் வெளியிடும் பட்டியலை ஒரு வாரம் பார்த்தால் போதும். காலையில் ஹிந்து குஷ், மதியம் மணிப்பூர், ராத்திரி கட்ச், இடையில் பித்தோராகர், சம்பா, அந்தமான் கடல் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். அக்கம்பக்கத்து நாடுகளும் அதில் சேர்த்தி. பெரும்பாலானவை 3, 3.5 அளவு; அந்தந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் வந்துபோனவை. இந்தப் பட்டியல் தயாராகும் அலுவலகம் டெல்லி லோதி சாலையில், வானிலைத் துறையின் மௌசம் பவன் வளாகத்தில் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில்தான் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டிடிஇஏ) லோதி எஸ்டேட் பள்ளி. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அலுவலகம் போகும் தமிழர்கள் பலர் தினமும் அந்தச் சாலையில் போனாலும், உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆர்.கே.புரத்தில் குடியிருக்கும் எனக்குக் காலைக் காபியோடு அந்த மையத்தின் 'பூகம்ப்' செயலியைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. வீட்டில் இதை என் ராசிபலன் என்று கேலி செய்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ராசிபலன் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும். இது நேற்று நடந்ததை மட்டும்தான் சொல்லும்.

ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு வரி. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு, பக்கத்து ஊர். தொலைக்காட்சிக்காரர்கள் இதில் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் 'ரிக்டர் அளவுகோலில்' என்று ஒட்டவைத்து, திரையின் அடியில் ஓட விடுவார்கள். அடுத்த நிமிடம் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போன் வரும். "டெல்லில பூகம்பமாமே, எத்தனை ரிக்டர்?" நமக்கே சில சமயம் அப்போதுதான் விஷயம் தெரியும்.

சார்லஸ் ரிக்டர் 1935-ல் தெற்கு கலிஃபோர்னியாவின் நடுக்கங்களுக்காக, அங்கே அப்போதிருந்த ஒரு குறிப்பிட்ட கருவியை வைத்துப் போட்ட கணக்கு அது. ரொம்பப் பெரிய நடுக்கங்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. 1970-களின் கடைசியில் மொமென்ட் மேக்னிட்யூட் என்ற வேறொரு கணக்கு வந்தது. பூமிக்குள் எவ்வளவு பரப்புக்குப் பாறை உடைந்தது, எவ்வளவு தூரம் நழுவியது என்பதை வைத்துப் போடுவது. இன்றைக்குப் பெரிய நடுக்கம் எதற்கும் அதைத்தான் நம்புகிறார்கள். சின்னச் சின்ன உள்ளூர் நடுக்கங்களுக்குப் பழைய ரிக்டர் வழியில் வந்த கணக்குகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆக, ஒரே நடுக்கத்துக்கு இரண்டு எண் வருவது அதிசயமே இல்லை.

2023 நவம்பர் 3 ராத்திரி பதினொன்றரைக்கு நேபாளத்தின் ஜாஜர்கோட் பக்கம் ஒரு நடுக்கம். டெல்லியிலும் ஆட்டம் தெரிந்தது. நம்முடைய மையம் 6.4 என்றது, நேபாளமும் 6.4 என்றது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 5.7 என்றது. ஒரே அளவுகோலில் 0.7 வித்தியாசம் என்றால் ஆற்றலில் பதினோரு மடங்கு. எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பெரிய சண்டை. யாரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு அளவுகோல், வேறு வேறு நிலையங்கள், வேறு வேறு அலைகள். 2025 ஜனவரி 7 அன்று திபெத்தின் டிங்ரியில் வந்ததைச் சீனா 6.8 என்றும் அமெரிக்கா 7.1 என்றும் பதிந்தன. ஜாஜர்கோட்டில் 150 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய வீடுகள், எல்லாரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரம். 5.7 என்று எழுதினாலும் 6.4 என்று எழுதினாலும் அந்தச் சுவர்களுக்கு ஒன்றுதான்.

அளவு என்பது நடுக்கம் பிறந்த இடத்தைப் பற்றிய செய்தி. நம் வீட்டில் என்ன ஆகிறது என்பதை முடிவு செய்ய அது மட்டும் போதாது. இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, அத்தை வீடு.

அத்தையும் மாமாவும் யமுனைக்கு அந்தப் பக்கம், மயூர் விஹார் ஃபேஸ் 1-ல் ஒரு குரூப் ஹவுசிங் சொசைட்டியில் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். நாங்கள் அரசுக் குவார்ட்டர்ஸில் தரைத்தளம். 2023 மார்ச் 21, இரவு பத்தேகால் வாக்கில் அத்தையிடமிருந்து போன். "ஃபேன் போடவே இல்லடா, அது பாட்டுக்கு ஆடுது. பூஜை ரூம்ல தொங்குற விளக்கும் ஆடுது. எனக்குத்தான் தலை சுத்துதுன்னு நெனச்சேன். உங்க மாமாவுக்கும் சுத்துதாம்." நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஒன்றுமே தெரியவில்லை. படியிறங்கிக் கீழே வந்த அவர்கள் சொசைட்டி ஜனமெல்லாம் நள்ளிரவு நெருங்கும்வரை ரோட்டில் நின்றது. அந்த நடுக்கத்தின் மையம் ஆப்கானிஸ்தானின் ஹிந்து குஷ் மலை. இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர். ஆழமோ 150 கிலோமீட்டருக்கும் மேல். அளவு 6.6.

2025 பிப்ரவரி 17 விடிகாலையில் இது அப்படியே தலைகீழானது. கீழிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு சத்தம், கட்டில் ஒரு தூக்கு, ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. சில விநாடிதான். "பூகம்ப், பூகம்ப்" என்று கத்திக்கொண்டு செக்டர் முழுக்க ஸ்வெட்டரும் போர்வையுமாக வெளியே. அத்தைக்குப் போன் போட்டேன். "ஆமாம், ஒரு குலுக்கு குலுக்கிச்சு. எழுந்து உக்கார்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மாமா திரும்பித் தூங்கப் போயாச்சு." பட்டியலில் வரி வந்தது: நேரம் 5:36:55, 28.59 வடக்கு, 77.16 கிழக்கு, ஆழம் 5 கிலோமீட்டர், அளவு 4.0. வரைபடத்தில் போட்டால் தௌலா குவான். எங்கள் வீட்டுக்குச் சில கிலோமீட்டர்.

கணக்குப் போட்டால் ஹிந்து குஷ் நடுக்கத்தின் ஆற்றல் தௌலா குவான் நடுக்கத்தைப்போல எட்டாயிரம் மடங்கு. ஆனால் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது சின்னதுதான்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நடுக்கத்தில் வேகமாகப் படபடக்கும் அலைகளும் இருக்கும், மெதுவாக நீண்டு அசையும் அலைகளும் இருக்கும். வேகமானவை தூரம் போகப் போகப் பாறையிலேயே கரைந்துவிடும். மெதுவானவை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் வரும். கட்டடங்களுக்கும் ஒரு சொந்த ஆட்டம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது பொறியாளர்கள் வாய்க்கணக்காகச் சொல்வது. அப்படிப் பார்த்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் வேகமான அலைக்கு மசியும், அத்தையின் கட்டடம் மெதுவான அலைக்கு மசியும். அந்தச் சத்தத்துக்கும் காரணம் உண்டு. நடுக்கம் மிகப் பக்கத்திலும் ஆழம் குறைவாகவும் இருந்தால், முதலில் வரும் அலையின் வேகமான அதிர்வு தரையிலிருந்து காற்றுக்குத் தாவிக் காதுக்கே கேட்கும்.

அதனால்தான் பட்டியலில் ஆழம் என்ற இடத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: பல வரிகளில் 10 கிலோமீட்டர் என்றே இருக்கும். எல்லா நடுக்கமும் கச்சிதமாகப் பத்தாவது கிலோமீட்டரில் நடப்பதில்லை. நடுக்கத்தின் மையம் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதைவிட எவ்வளவு ஆழம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பக்கத்தில் போதிய நிலையங்கள் இல்லையென்றால் உலகெங்கும் பல ஆய்வு மையங்கள் 10 என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடும். அந்த 10-ஐ 'மேலோட்டமானது' என்று படித்தால் போதும்.

அடுத்தது, காலடி மண். ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாத சுவாமி நிற்கும் குன்று ஆரவல்லித் தொடரின் மிச்சம். டெல்லிக்காரர்கள் ரிட்ஜ் என்று சொல்லும் அந்தக் கெட்டிப் பாறை நகரத்தின் நடுவே ஓடுகிறது. யமுனையைத் தாண்டினால் கதை வேறு. அங்கே நதி கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும், சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல். இளகிய மண் அலைகளைப் பெரிதாக்கும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் ஆற்றங்கரை மணல், பலத்த குலுக்கலில் கூழாகிவிடவும் கூடும். புவி அறிவியல் அமைச்சகம் 2016-ல் டெல்லியின் மண்ணை 1:10,000 அளவில் பகுதி பகுதியாக ஆராய்ந்து வரைபடமே வெளியிட்டது. வீடு வாங்குகிறவர்கள் மெட்ரோ எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், இதைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மண் செய்யும் வேலைக்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19, அளவு 8. மையம் நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் பசிபிக் கரையில். பழைய ஏரிப் படுகையின் மேல் கட்டிய பகுதிகள்தான் நொறுங்கின, அதிலும் நடுத்தர உயரக் கட்டடங்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை, பூஜ் நடுக்கம். 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, கீழே சுவரில்லாமல் வெறும் தூண்களை நிறுத்தி, கார் விட இடம் ஒதுக்கியவை.

இமயமலை டெல்லிக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர். இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. அதில் சுமார் 2 சென்டிமீட்டர் இமயமலை அடிவாரத்தில் இறுகிச் சேர்கிறது. 1905 ஏப்ரல் 4 காங்க்ரா ஒரு பக்கம், 1934 ஜனவரி 15 பீகார்–நேபாளம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே உத்தராகண்டின் கர்வால், குமாவுன் பகுதியில் அதே தரத்தில் ஒன்று வந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியாக 1803 செப்டம்பர் 1 அன்று வந்தது. குதுப் மினாரின் உச்சிக் கும்மட்டம் அன்றைக்குத்தான் விழுந்தது. பத்து நாள் கழித்து நடந்த சண்டையில் டெல்லி ஆங்கிலேயர் கைக்குப் போனது, அது தனிக் கதை. ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் 1828-ல் மினாரைப் பழுதுபார்த்து, உச்சியில் தன் கற்பனைக்கு ஒரு மண்டபத்தை வைத்தார். கண்ணை உறுத்துகிறது என்று 1848-ல் இறக்கிவிட்டார்கள். இப்போதும் புல்வெளியில் அது உட்கார்ந்திருக்கிறது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அது ஒரு நிலநடுக்கத்தின் பாக்கி என்று தெரியாமலே.

டெல்லிக்குச் சொந்தச் சரக்கும் உண்டு. 1720-ல் ஒரு பெரிய நடுக்கம், 1960 ஆகஸ்ட் 27-ல் 6 அளவில் ஒன்று. மகேந்திரகர்–டேராடூன் பிளவு, சோனா பிளவு, மதுரா பிளவு என்று நிலவியலாளர்கள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை 10 காலையில் ஹரியானாவின் ஜஜ்ஜரில் 4.4, மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் 3.7. நிலநடுக்க அபாயத்தை வைத்து நாட்டைப் பிரித்த பழைய மண்டலக் கணக்கில் டெல்லி பல காலமாக நான்காவது. ஐந்துதான் அதில் உச்சம். சென்னை மூன்று. சென்னைக்காரர்கள் இதைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் ஆடியிருக்கிறது, 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்த 5.5 சென்னையையும் தட்டி எழுப்பியிருக்கிறது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயம். ஒன்று, "இப்பல்லாம் நிலநடுக்கம் ஜாஸ்தி ஆயிடுச்சு." இந்தியாவில் முதல் நில அதிர்வு நிலையம் 1898-ல் கல்கத்தாவின் அலிப்பூரில் வந்தது, முந்தைய வருடம் ஷில்லாங்கைப் புரட்டிப்போட்ட நடுக்கத்தின் விளைவாக. அடுத்த வருடமே கொடைக்கானலில் மில்ன் வகை நில அதிர்வுக் கருவி ஒன்று. பிற்பாடு பனிப்போர்க் காலத்தில் உலக நில அதிர்வு வலையில் இந்தியாவிலிருந்து சேர்ந்த சில நிலையங்களில் கொடைக்கானலும் ஒன்று. இப்போது நாடு முழுக்க 150-க்கும் மேல். வலையின் கண் சின்னதாகும்போது சின்ன மீனும் மாட்டத்தான் செய்யும். உலகக் கணக்கில் 7-க்கு மேலே போகும் பெரியவை சராசரியாக வருடத்துக்குப் பதினைந்து, பதினாறு. அது ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். பொதுவாக அங்கேயேதான் நிற்கிறது.

நகரத்தில் இன்னொரு சிக்கல், நம்முடைய சொந்த இரைச்சல். லாரி, மெட்ரோ, கட்டுமானம் எல்லாம் கருவியில் பதியும். சின்ன நடுக்கங்கள் அதில் அமுங்கிப்போகும். 2020 ஊரடங்கில் இந்த இரைச்சல் உலகெங்கும் குறைந்தது, சில இடங்களில் பாதியாக. அதே சமயம் டெல்லியில் ஏப்ரல் 12, 13 என்று அடுத்தடுத்து நடுக்கம், மே மாதக் கடைசியில் ரோத்தக்கில் இன்னொன்று. நோய்ப் பயத்தோடு இதுவும் சேர, "அடுத்த வாரம் பெருசு வருது" என்று தேதி போட்டே செய்தி சுற்றியது. எந்த நாட்டிலும், யாராலும், நாளும் நேரமும் சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்க முடிந்ததில்லை. அந்தச் சமயத்தில் உருப்படியாக நடந்தது வேறு. தேசிய நில அதிர்வு மையம் டெல்லியைச் சுற்றிக் கூடுதல் நிலையங்களை வைத்தது. அப்புறம் பிளவுகளின் மேல் மின்காந்த அளவீடும் எடுத்தார்கள்.

இரண்டாவது பேச்சு மாமாவுடையது. "சின்னச் சின்னதா வர்றது நல்லதுதான்ப்பா, உள்ள இருக்கற அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும்ல." கேட்க ஆறுதலாக இருக்கும். அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆயிரம். அப்படியானால் ஒரு 8-ஐத் தீர்க்க 4 அளவில் பத்து லட்சம் வேண்டும். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் வருடத்துக்கு அந்த அளவில் பத்தாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மாமா ஓய்வுபெற்ற ஆடிட் அதிகாரி, கணக்கென்றால் ஒத்துக்கொள்வார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அப்போ என்னதான் பார்க்கணும்ங்கற?"

கீழே போய் தூணைப் பாருங்கள் என்றேன்.

அவர்கள் கட்டடம் 1980-களின் கடைசியில் எழுந்தது. கம்பிகளை எப்படி நெருக்கிக் கட்டினால் தூண் குலுக்கலில் சட்டென்று ஒடியாமல் வளைந்து கொடுக்கும் என்பதற்கான இந்தியத் தரம், ஐஎஸ் 13920, வந்ததே 1993-ல். தரைத்தளம் ஸ்டில்ட் பார்க்கிங், அகமதாபாத்தில் விழுந்தவற்றைப் போலவே. கார் கழுவும் தண்ணீர் வருடக்கணக்காகத் தூண்களின் அடியில் தேங்கி, சிமெண்ட் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. வெள்ளையடிக்கும்போது அதன் மேலேயே அடித்துவிடுவார்கள்.

மாமா, கட்டடத்தின் பலத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்தபோது நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று நான் நினைத்தேனோ அங்கிருந்து வரவில்லை. செலவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. "அறிக்கையில மோசம்னு எழுதிட்டா நம்ம ஃப்ளாட் விலை என்னாகும்?" என்பதுதான் கவலை. ஆபத்து இருக்கிறதா என்பதைவிட, இருப்பதாக எழுத்தில் வந்துவிடக் கூடாது என்ற பயம். ஒருவர், இத்தனை வருடத்தில் 2015 நேபாள நடுக்கம் உட்பட எத்தனையோ வந்தும் கட்டடம் அசையவில்லையே என்றார். அதுதான் எனக்கு ஆத்திரம் வரவழைத்தது. அந்த நடுக்கத்தின் மையம் இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். அதில் தப்பித்தது தேர்ச்சி பெற்றதாக ஆகாது, அது பரீட்சையே இல்லை. வெளியாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில், நீர்க்கசிவுக்கான ஆய்வு என்று பெயரை மாற்றியதும் தீர்மானம் நிறைவேறியது.

பொறியாளர் வந்தார். ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியைத் தூணில் அழுத்தி அழுத்திக் கான்கிரீட்டின் பலம் பார்த்தார். கம்பி எங்கே, எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று இன்னொரு கருவியை நகர்த்திப் பார்த்தார். உப்பிய பூச்சைத் தட்டியதும் அது பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்து இளைத்த கம்பிகள் தெரிந்தன. மாமா ஒன்றும் சொல்லாமல் மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது மாடியில் ஹாலைப் பெரிசாக்க ஒரு வீட்டில் சுவரை இடித்திருந்ததும் தெரியவந்தது. நல்லவேளையாக அது பாரம் தாங்கும் சுவர் இல்லை. டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏவின் பழைய செங்கல் ஃப்ளாட்டுகளில் இதே வேலையைச் செய்தால் மேல்மாடிக்காரர்களின் தலையில் கை வைப்பதாக அர்த்தம், அங்கே சுவர்தான் தூண்.

தூண்களைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுப் பருமனாக்க வேண்டும், பார்க்கிங்கில் சில இடங்களில் சுவர் எழுப்ப வேண்டும் என்பது பரிந்துரை. சுவர் எழுப்பினால் சில கார்களுக்கு இடம் போகும். மதிப்பீடு வந்து, லிஃப்டை மாற்றுவதா தூண்களைக் கவனிப்பதா என்று அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள். மாமா அந்தத் துருக்கம்பிப் படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். கார் விடும் இடம் பறிபோகிறவர்கள் மட்டும் கதவைத் திறப்பதில்லையாம்.